புண்ணாக்கை நிறுத்திவிட்டு இலைத்தூள் போடலாமா? – வாசகர் கேள்வி பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே விஷயத்தைச் சுற்றித்தான். சூபாபுல், அகத்தி, கிளைரிசிடியா, வேலிமசால் மாதிரி பயறு குடும்பத்துச் செடி மரங்களின் இலையைக் காயவைத்துத் தூளாக்கி ஆடு மாடுகளுக்குக் கொடுப்பது. புண்ணாக்கும் தவிடும் விற்கிற விலைக்கு இந்தக் கேள்வி வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். அதனால் மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு, இதையே முழுசாகப் பேசிவிடலாம்.

கேள்வி: மூன்று கலப்பின மாடு வைத்திருக்கிறேன். வைக்கோல், கொஞ்சம் நேப்பியர், அப்புறம் வீட்டிலேயே கலக்கும் அடர்தீவனம் என்று ஓடுகிறது. வரப்பெல்லாம் சூபாபுல் நிற்கிறது. அந்த இலையைக் காயவைத்து அரைத்துப் போட்டால் புண்ணாக்கே வாங்க வேண்டாம் என்கிறார் பக்கத்துத் தோட்டத்துக்காரர். நிறுத்திவிடலாமா?
– ஒட்டன்சத்திரம் வாசகர்

பதில்: நிறுத்தாதீர்கள். குறைக்கலாம், எவ்வளவு குறைக்கலாம் என்பதற்கும் கணக்கு இருக்கிறது.

கடலைப் புண்ணாக்கில் புரதம் 40 சதவீதத்துக்கு மேல். நன்றாகக் காய்ந்த சூபாபுல் இலைத்தூளில் 20 முதல் 25. கோதுமைத் தவிட்டில் 15 பக்கம். தேங்காய்ப் புண்ணாக்கு 20, 22 என்று இலைத்தூளுக்குச் சமமாக நிற்கும். ஆக, இலைத்தூள் தவிட்டுக்கு அண்ணன், கடலைப் புண்ணாக்குக்குத் தம்பி. அதை எடுத்துவிட்டு இதைக் கொட்டினால் பால் இறங்கத்தான் செய்யும், அப்புறம் இலையைக் குறை சொல்லிப் பயனில்லை.

சரி, எப்படிக் கலப்பது? நீங்கள் இப்போது 100 கிலோ கலவைக்கு மக்காச்சோளம் 35, கடலைப் புண்ணாக்கு 25, கோதுமைத் தவிடு 37, தாது உப்புக் கலவை 2, உப்பு 1 என்று போடுவதாக வைத்துக்கொள்வோம். இதில் புரதம் சுமார் 19 சதவீதம் வரும். இதையே மக்காச்சோளம் 38, கடலைப் புண்ணாக்கு 20, தவிடு 19, இலைத்தூள் 20, தாது உப்பும் உப்பும் அதே 3 என்று மாற்றிப் பாருங்கள். புரதம் அதே 19 தான். அதாவது 20 கிலோ இலைத்தூள் உங்களுக்கு 18 கிலோ தவிட்டையும் 5 கிலோ புண்ணாக்கையும் மிச்சப்படுத்துகிறது, பதிலுக்கு 3 கிலோ மக்காச்சோளம் கூடுதலாகக் கேட்கிறது, ஏனென்றால் இலையில் புரதம் இருக்கிற அளவுக்கு மாவுச்சத்து கிடையாது. உங்கள் ஊர் விலையைப் போட்டு நீங்களே கூட்டிக் கழித்துப் பார்த்துவிடலாம். கறவை மாட்டுக் கலவையில் 20 கிலோவுக்கு மேல் நான் போகச் சொல்ல மாட்டேன்.

இலைத்தூளின் உண்மையான பலம் தெரிய வேண்டுமானால் அதை வைக்கோலோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். மாட்டின் முதல் வயிற்றில் கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் இருக்கின்றன. நார்ச்சத்தைச் செரிப்பது மாடு இல்லை, அவைதான். தின்பதில் மொத்தமாக 7 சதவீதமாவது புரதம் இருந்தால்தான் அவை ஒழுங்காக வேலை செய்யும். நெல் வைக்கோலில் இருப்பதோ 3, 4 சதவீதம். வைக்கோலை மட்டும் தின்கிற மாடு வயிறு நிறைந்தும் மெலிந்து நிற்பது இதனால்தான். 5 கிலோ வைக்கோலில் கிடைக்கிற புரதம் சுமார் 160 கிராம், ஒரே ஒரு கிலோ இலைத்தூளில் 200 கிராமுக்கு மேல். அந்த ஒரு கிலோ சேர்ந்ததும் நுண்ணுயிர்கள் பெருகி வைக்கோலையும் நன்றாகச் செரிக்கின்றன, மாடு வைக்கோலைக் கூடுதலாகவும் தின்கிறது. பால் வற்றிய மாடு, கிடேரி இதற்கெல்லாம் வைக்கோலோடு ஒரு கிலோ இலைத்தூள் அவ்வளவு நல்ல தீவனம். நம் ஊரில் பலரும் வற்றிய மாட்டை வெறும் வைக்கோலில் விட்டுவிடுகிறார்கள், வயிற்றில் கன்று வளர்கிற மாசத்திலும்கூட. எனக்கு ரொம்ப வருத்தமான விஷயம் அது.

தாது உப்புக் கலவையை மட்டும் விடக்கூடாது. இந்த இலைகளில் சுண்ணாம்புச் சத்து நிறைய, பாஸ்பரஸ் குறைவு. பாஸ்பரஸ் கொடுத்துக்கொண்டிருந்த தவிட்டையும் நாம் பாதியாகக் குறைத்திருக்கிறோம்.

கேள்வி: கொட்டில் முறையில் வெள்ளாடு வளர்க்கிறேன். இரண்டு மாசமாக முழுக்க முழுக்கச் சவுண்டல் தழைதான். இப்போது முதுகிலும் வாலிலும் முடி கொட்டுகிறது, இரண்டு ஆட்டுக்கு வாயில் எச்சில் ஒழுகுகிறது, ஒன்றுக்குத் தொண்டைப் பக்கம் வீங்கியிருக்கிறது. பேனுக்கு மருந்து அடித்தும் நிற்கவில்லை. தழையைக் காயவைத்துக் கொடுத்தால் சரியாகிவிடும் என்கிறார்கள். உண்மையா டாக்டர்?
– புதுக்கோட்டை மாவட்ட வாசகர்

பதில்: தம்பி, நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் பேன் மாதிரித் தெரியவில்லை, சவுண்டல் மேல்தான் சந்தேகம். இன்றைக்கே அந்தத் தழையை நிறுத்திவிட்டு வேறு தழை, கடலைக்கொடி, சோளத்தட்டை என்று மாற்றுங்கள். தொண்டை வீங்கிய ஆட்டைக் கால்நடை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

சவுண்டல், சூபாபுல் எல்லாம் ஒன்றுதான். அதன் இலையில் மைமோசின் என்று ஒரு பொருள் இருக்கிறது, கொழுந்தில் ரொம்ப அதிகம். முடி வேரைத் தாக்கி முடி கொட்ட வைப்பது இதுதான். இது ஆட்டின் முதல் வயிற்றுக்குள் போனதும் உடைந்து வேறொரு பொருளாக மாறுகிறது. அதைச் சுருக்கமாக டிஎச்பி என்பார்கள். தைராய்டு சுரப்பியைக் கெடுப்பது அந்த டிஎச்பி. தொண்டை வீக்கம், மெலிவு, சினை ஆட்டில் நோஞ்சான் குட்டி எல்லாம் அதனால் வருவது.

காயவைத்தால் சரியாகுமா என்றால், பாதிதான் உண்மை. இலை வாடும்போதும் சூடாகும்போதும் இலையிலேயே இருக்கிற நொதி மைமோசினை உடைக்கிறது, அதனால் முடி கொட்டுவது குறையும். ஆனால் உடைந்து வருவது அதே டிஎச்பிதானே. ஆகவே காயவைத்த இலையையும் வயிறு முட்டப் போடக்கூடாது. மொத்தத் தீவனத்தில், காய்ந்த எடைக்கணக்கில், மூன்றில் ஒரு பங்கைத் தாண்டாமல் பார்த்துக்கொண்டால் பயமில்லை. மீதி இரண்டு பங்குக்குப் புல், தட்டை, வேறு மரத் தழை எதுவும் இருக்கலாம்.

இந்தச் சிக்கலுக்கு விடை கண்டுபிடித்த கதை எனக்கு மிகவும் பிடித்தது. ஆஸ்திரேலியாவில் சூபாபுல் மேய்ந்த மாடுகளுக்கு நோய் வந்தது. ஹவாய்த் தீவில் ஆடுகள் அதே இலையை ஏராளமாகத் தின்று நன்றாகவே இருந்தன. ரேமண்ட் ஜோன்ஸ் என்ற ஆஸ்திரேலிய விஞ்ஞானி, வித்தியாசம் இலையில் இல்லை, ஆட்டின் வயிற்றுக்குள் இருக்கிற நுண்ணுயிரில்தான் இருக்கிறது என்று பிடித்தார். 1980களில் ஹவாய் ஆட்டின் வயிற்று நீரிலிருந்து அந்த நுண்ணுயிர்களை ஆஸ்திரேலியாவுக்குக் கொண்டுபோய் அங்கிருந்த கால்நடைகளுக்குக் கொடுத்ததும் அவையும் டிஎச்பியைச் செரிக்க ஆரம்பித்தன. அதில் ஒரு பாக்டீரியாவுக்கு 1992இல் அவர் பெயரையே சேர்த்து சினர்ஜிஸ்டெஸ் ஜோன்சியை என்று பெயர் வைத்தார்கள். இந்த வகை நுண்ணுயிர் நம் நாட்டு ஆடுகளிலும் இருக்கிறது, ஆனால் எல்லா மந்தையிலும் போதுமான அளவு இருக்கும் என்று நம்பி இறங்க முடியாது. அதனால்தான் ஒரு கைப்பிடியில் தொடங்கி இரண்டு மூன்று வாரத்தில் மெல்லக் கூட்டச் சொல்கிறோம். நீங்கள் ஒரேயடியாக முழுத் தீவனத்தையும் மாற்றியதுதான் ஆடுகளைப் படுத்திவிட்டது. நிறுத்தினால் முடி திரும்ப முளைத்துவிடும், கவலை வேண்டாம்.

கேள்வி: எங்கட வளவு வேலி முழுக்கச் சீமைக்கிளுவைதான். மாரியில் தழை மிஞ்சுது, கோடையில் ஆடுகளுக்கு ஒன்றும் இல்லை. காயவைத்து வைத்தால் ஆடு தின்னுமா? எப்படிக் காயவைக்கிறது? போன முறை சாக்கில் கட்டி வைத்தது பூஞ்சணம் பிடித்துவிட்டது, அதைக் கொடுக்கலாமா?
– யாழ்ப்பாண வாசகி

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில். கொடுக்கவே கூடாது அம்மா, எருக்குழியில் போடுங்கள். நீங்கள் சொல்கிற சீமைக்கிளுவையை நாங்கள் இங்கே கிளைரிசிடியா என்கிறோம். அதன் இலையில் கூமரின் என்ற வாசனைப் பொருள் உண்டு. பூஞ்சணம் பிடித்தால் அது இரத்தத்தை உறைய விடாத நஞ்சாக மாறக்கூடும். மத்திய அமெரிக்காவில் இந்த மரத்துக்கு எலிக்கொல்லி என்ற அர்த்தத்திலேயே ஒரு பெயர் இருக்கிறது, அங்கே எலிக்கு வைக்கப் பயன்பட்ட மரம்.

பூஞ்சணம் இல்லாத நல்ல இலை அருமையான தீவனம், 20 சதவீதத்துக்குக் குறையாத புரதம். அதே கூமரின் வாசத்தால் ஆடு முதல் சில நாள் முகர்ந்துவிட்டுப் போய்விடும். அதைப் பார்த்துவிட்டு 'இது தின்னாது' என்று கைவிடுகிறவர்கள் நிறைய. வாடிய இலையில் வாசம் குறையும், காய்ந்ததில் இன்னும் குறையும். கொஞ்சம் தவிடும் உப்பும் கலந்து, வேறு தழை போடுவதற்கு முன்னால், பசியோடு இருக்கும்போது வையுங்கள். மந்தையில் ஒரு மூத்த ஆடு தின்னத் தொடங்கிவிட்டால் மற்றவை தானாக வந்துவிடும்.

காயவைக்கிற முறை. மழைவிட்ட நாளாகப் பார்த்து, பனி காய்ந்த பிறகு, பூ எடுக்காத கிளைகளை வெட்டுங்கள். கிளையோடேயே கொட்டகைக்குள் அல்லது மர நிழலில் தார்ப்பாய் விரித்து மெல்லிசாகப் பரப்புங்கள். குவித்துப் போட்டால் உள்ளே சூடேறி இலை கறுத்துவிடும். கடும் வெயிலில் போட்டால் ஒரே நாளில் காயும்தான், ஆனால் பச்சை வெளிறிப் போகும், பச்சை போனால் வைட்டமின் ஏ தருகிற கரோட்டினும் கூடவே போய்விடும். கோடையில் பச்சையைக் கண்ணால் பார்க்காத ஆட்டுக்கு அதுதான் ரொம்பத் தேவை. காலையும் மாலையும் ஒருமுறை புரட்டிவிட்டால் இரண்டு மூன்று நாளில், கிளையைப் பிடித்து உதறினாலே இலை பொலபொலவென்று உதிரும். குச்சிகளை எடுத்து அடுப்புக்கு வைத்துக்கொள்ளுங்கள். உதிர்ந்த இலையை ஒரு பிடி அள்ளி உள்ளங்கையில் கசக்கினால் அப்பளம் மாதிரி நொறுங்க வேண்டும். நொறுங்காமல் துவண்டு மடங்கினால் ஈரம் இன்னும் இருக்கிறது என்று அர்த்தம், இன்னொரு நாள் பரப்புங்கள். போன முறை உங்கள் சாக்கில் நடந்தது அநேகமாக இதுதான். ஈரம் 12 சதவீதத்துக்குக் கீழே போனால்தான் மூட்டை கட்டலாம். பிளாஸ்டிக் பை வேண்டாம், சணல் சாக்கு போதும், தரையில் படாமல் பலகை மேல் அடுக்குங்கள்.

நாலு கிலோ பச்சை இலை காய்ந்தால் ஒரு கிலோ வரும். ஆட்டுக்கு அரைக்கவே வேண்டாம். உதிர்ந்த இலையை அப்படியே வைக்கலாம். மாட்டுத் தீவனத்தில் கலப்பதற்குத்தான் மில்லுக்குப் போக வேண்டும், அதுவும் பெரிய கண் சல்லடை போட்டு ரவை மாதிரி. மாவாக அரைத்தால் மூக்கில் ஏறித் தும்மும், வயிற்றிலும் தங்காமல் ஓடிவிடும்.

கேள்வி: அமாவாசை தோறும் கோயில் பசுவுக்கு அகத்திக்கீரை கொடுப்பது எங்கள் வீட்டு வழக்கம். அதிகம் தின்றால் பசுவுக்கு வயிறு உப்பும் என்று ஒருவர் சொன்னார். அப்படியா?
– சென்னை வாசகி

பதில்: ஒரு கட்டால் ஒன்றும் ஆகாது. ஆனால் அன்றைக்கு ஒரே பசுவுக்கு ஐம்பது பேர் ஆளுக்கொரு கட்டு நீட்டினால் ஆகும். இளசான பயறு வகைத் தழை முதல் வயிற்றில் வேகமாகப் புளிக்கும், நுரை கட்டும், அந்த நுரைக்குள் காற்று சிக்கிக்கொண்டு ஏப்பமாக வெளியே வர முடியாமல் இடது விலா ஊதிவிடும். குதிரைமசாலில் இது அதிகம், வெறும் வயிற்றில் ஈரத் தழை தின்றால் எதிலும் வரலாம். காலையில் பசுவுக்கு முதலில் வைக்கோல் போட்டுவிடச் சொல்லுங்கள், கீரைக் கட்டுகளை வாங்கி வைத்துப் பகிர்ந்து கொடுக்கச் சொல்லுங்கள். மிஞ்சுவதைக் குப்பையில் எறியாமல் நிழலில் உலர்த்தி வைத்தால் அடுத்த அமாவாசை வரைக்கும் தினம் ஒரு கைப்பிடி போடலாம். காய்ந்த அகத்தி இலையில் கால் பங்கு புரதம், மர இலைகளிலேயே மேலான ரகம்.

வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருப்பவர்களுக்கும் இதையே சொல்கிறேன். கொடி ஏற நட்ட அகத்தியைக் கவாத்து செய்யும்போது வருகிற தழையில் விற்றது போக மிச்சம் வரப்பில் கிடந்து அழுகிப்போவதைப் பார்க்கவே பொறுக்கவில்லை.

கேள்வி: எங்கள் பக்கம் வேறு மரமே கிடையாது, சீமைக்கருவேலம்தான். அதுவும் பயறு குடும்பம்தானே, இலையைத் தூளாக்கலாமா?
– ராமநாதபுரம் மாவட்ட வாசகர்

பதில்: குடும்பம் சரிதான். ஆனால் அந்த இலையை ஆடே தொடுவதில்லை, அதை மெனக்கெட்டுக் காயவைக்க வேண்டாம். காயை எடுங்கள். பழுத்து மஞ்சளாகி உதிர்ந்த காயில் இனிப்பும் 12 சதவீதம் பக்கம் புரதமும் இருக்கிறது. நன்றாகக் காயவைத்து விதையோடு இடித்து அல்லது அரைத்துத்தான் போட வேண்டும். முழுக்காயாகத் தின்றால் விதை செரிக்காமல் சாணியோடும் புழுக்கையோடும் வெளியே வந்து முளைக்கும், உங்கள் புஞ்சையில் இந்த மரம் பரவியதில் பாதி அப்படித்தான். கலவையில் ஐந்தில் ஒரு பங்கோடு நிறுத்திக்கொள்ளுங்கள். காயையே முழுத் தீவனமாக மாசக்கணக்கில் தின்ற மாடுகளுக்குத் தாடை நரம்பு கெட்டு மெல்ல முடியாமல் போனது பிரேசிலில் நடந்திருக்கிறது.

கேள்வி: தனியாக மரமெல்லாம் வைக்க இடமில்லை. மானாவாரிக் கடலைதான் போடுகிறோம். கடலைக்கொடியை இப்படித் தூளாக்கலாமா?
– திண்டிவனம் வாசகர்

பதில்: தாராளமாக. கடலைக்கொடியில் புரதம் 8 முதல் 12 சதவீதம், மர இலையில் பாதி, வைக்கோலைப் போல மூன்று மடங்கு. இலை உதிராமல் காப்பாற்றினால் மேல் பக்கத்து அளவு, வெறும் தண்டு மட்டும் மிஞ்சினால் கீழ்ப் பக்கத்து அளவு. அதனால் கொடியைக் களத்தில் மாசக்கணக்கில் வெயில் காயவிடாமல் காய் ஆய்ந்ததும் இரண்டு மூன்று நாளில் போர் போட்டு மேலே மூடிவிடுங்கள். போருக்கு அடியில் உதிர்ந்து கிடக்கும் தூள்தான் இருப்பதிலேயே சத்தானது. அதை மண் போகச் சலித்து அள்ளி வையுங்கள்.

மழையில் நனைந்து கறுத்த கொடியை மட்டும் தயவுசெய்து கறவை மாட்டுக்குப் போடாதீர்கள். அதில் வளரும் பூஞ்சணத்தின் அப்ளாடாக்சின் நஞ்சு மாட்டின் ஈரலைக் கெடுப்பதோடு பாலிலும் இறங்கும். அந்தப் பாலைக் குடிப்பது நம் வீட்டுக் குழந்தைகள்தான். உளுந்து, கொள்ளு, துவரைப் பொட்டுக்கும் இதே விதி.

கேள்வி: கன்றுக்குட்டிக்கு எந்த வயதிலிருந்து கொடுக்கலாம்? கோழிக்கும் முயலுக்கும் போடலாமா?
– ஓசூர் வாசகர்

பதில்: கன்று மூன்று மாசம் தாண்டி, அசைபோட ஆரம்பித்து நன்றாகப் புல் தின்னட்டும். முயலுக்கும் கோழிக்கும் சூபாபுல் வேண்டாம், மைமோசினைச் சமாளிக்கிற முதல் வயிறு அவற்றுக்குக் கிடையாது. முயலுக்கு வேலிமசால், குதிரைமசால் நல்லது.

கேள்வி: சூபாபுல் தழை போட்டதிலிருந்து பாலில் ஒரு வாடை அடிக்கிறது, பால் ஊற்றுகிற இடத்தில் திருப்பி அனுப்புகிறார்கள்.
– நாமக்கல் வாசகி

பதில்: கறப்பதற்கு முன்னால் போட்டிருப்பீர்கள். கறந்து முடித்த பிறகு போடுங்கள், அடுத்த வேளை கறவைக்குள் வாடை போய்விடும். தழையைத் தொழுவத்துக்குள் குவித்தும் வைக்காதீர்கள்.

கேள்வி: மரம் வெட்டி மாளவில்லை. இலைத்தூளுக்கென்றே ஏதாவது பயிர் போடலாம் என்று நினைக்கிறேன். எது, எவ்வளவு இடம்? எனக்கும் மூன்று மாடுதான், கிணற்றுப் பாசனம் இருக்கிறது.
– பல்லடம் வாசகர்

பதில்: வேலிமசால் போடுங்கள். சூபாபுல்லுக்குத் தங்கச்சி மாதிரி இருக்கும், ஆனால் மைமோசின் கிடையாது, முடி கொட்டுகிற பயம் இல்லை, உயரம் குறைவு என்பதால் அரிவாளாலேயே அறுத்துவிடலாம். ஒருமுறை விதைத்தால் மூன்று நான்கு வருஷம் நிற்கும்.

மாட்டுக்குத் தினம் ஒரு கிலோ என்றால் வருஷத்துக்கு மூன்று மாட்டுக்கும் சேர்த்து 1,100 கிலோ தூள். அதற்கு நாலரை டன் பச்சை இலை வேண்டும். அறுத்த தழையில் பாதி தண்டாகப் போகும், ஆக 9 டன் தழை. பாசனத்தில் நன்றாகப் பார்த்துக்கொண்டால் ஏக்கருக்கு வருஷம் 50 டன் வரை எடுக்கலாம் என்பது ஏட்டுக் கணக்கு, அதன்படி 18 சென்ட் போதும். நான் 25 சென்டாக வைத்துக்கொள்ளச் சொல்வேன், எல்லா வருஷமும் ஏட்டில் எழுதினபடி விளையாது, மிஞ்சினால் பச்சையாகவே போடலாம், தண்டையும் வெட்டிப் போட்டால் மாடு விடாது.

25 சென்டுக்கு இரண்டு கிலோ விதை. விதைத்தோல் ரொம்பக் கடினம், அப்படியே விதைத்தால் பாதிகூட முளைக்காது. தண்ணீரைக் கொதிக்கவைத்து இறக்கி, மூன்று நான்கு நிமிஷம் ஆறவிட்டு விதையைப் போடுங்கள், ஐந்து நிமிஷத்தில் வடித்துவிட்டுப் பச்சைத் தண்ணீரில் ராத்திரி முழுக்க ஊறவையுங்கள். காலையில் நிழலில் உலர்த்தி, ஒன்றரை அடி வரிசை இடைவெளியில் மேலாகத் தூவி மண்ணால் லேசாக மூடிவிடுங்கள். முதல் அறுப்பு 90 நாளில், தரையிலிருந்து முழங்கால் உயரம் விட்டு. அப்புறம் 40 நாளுக்கு ஒருமுறை. முதல் ஒரு மாசம் செடி கண்ணுக்கே தெரியாத அளவு சின்னதாக இருக்கும், களை மேலே ஏறிவிடும். அந்த ஒரு மாசம் இரண்டு களை எடுத்துவிட்டால் பிறகு செடியே களையை அமுக்கிவிடும்.